எச்.பி., கிலோவாட், பி.டி.யு., டன்: இயந்திரத் திறனையும் வெப்பத் திறனையும் மாற்றிக் கணக்கிடுவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் மோட்டாரை எச்.பி.யில் (குதிரைத்திறனில்) சொல்கிறோம், எண்ணெயைச் சூடாக்கி வெப்பம் தரும் தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டரை லட்சம் கிலோகலோரியில் சொல்கிறோம், ஏசியை ஒரு டன்னிலும் பாய்லரை வேறொரு டன்னிலும் சொல்கிறோம். ஒரு நேர அளவில் எவ்வளவு ஆற்றல் உருமாறுகிறது அல்லது இடம் மாறுகிறது என்பதே இவை அனைத்துக்கும் பின்னால் உள்ள அளவு. ஓர் அலகிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் எண்ணைக் கைப்பேசியே சொல்லிவிடும். நாம் மாற்றுவது எந்தத் திறனை என்பதை அது கேட்பதில்லை. கணக்குகள் பெரும்பாலும் அங்கேதான் பிழைபடுகின்றன. ஆகவே கீழே உள்ள பதில்களில் மாற்று எண்களோடு, அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதையும் விரிவாக எழுதியிருக்கிறேன்.

சுழலும் மோட்டாரின் திறனையும் எரியும் அடுப்பின் வெப்பத்தையும் ஒரே அலகில் சொல்வது எப்படிச் சாத்தியம்?

பதினெட்டாம் நூற்றாண்டின் அறிவியலாளர்கள் பலர், வெப்பம் என்பது ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குப் பாயும் எடையற்ற திரவம் என்று கருதினார்கள். மியூனிக் நகரின் பீரங்கித் தொழிற்கூடத்தில் குழல் துளைக்கும் பணியைக் கவனித்த ரம்ஃபோர்டு பிரபு, துளைப்பு நடக்கும் வரையில் வெப்பமும் வற்றாமல் வந்துகொண்டே இருக்கிறது என்பதை 1798-இல் எழுதி வெளியிட்டார். ஒரு பொருளுக்குள் அடங்கியிருக்கும் திரவம் என்றால் அது என்றாவது தீர்ந்துபோக வேண்டும் அல்லவா? 1842-இல் ஜெர்மானிய மருத்துவர் மேயர், வேலைக்கும் வெப்பத்துக்கும் மாறாத விகிதம் ஒன்று உண்டு என்று கணக்கிட்டுக் காட்டினார். அதே பத்தாண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் வாழ்ந்த ஜூல், இறங்கும் எடைகளால் சுழலும் துடுப்புச் சக்கரத்தைத் தண்ணீருக்குள் வைத்து, தண்ணீரின் வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்று மீண்டும் மீண்டும் அளந்தார். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு ஃபாரன்ஹீட் பாகை சூடாக்க 772 அடி-பவுண்டு வேலை தேவை என்பது 1850-இல் அவர் வெளியிட்ட முடிவு. இன்று ஏற்கப்பட்ட மதிப்பு ஏறத்தாழ 778. ஒரு பாகையின் சிறு பகுதியளவே ஏறும் வெப்பநிலையைப் பாதரச வெப்பமானியால் அளந்து, ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாட்டில் அந்த எண்ணை அவர் எட்டியது வியக்கத்தக்க உழைப்பு.

வேலை, வெப்பம் இரண்டுக்கும் இன்று ஒரே அலகு, அவர் பெயரிலேயே அமைந்த ஜூல். நொடிக்கு ஒரு ஜூல் என்பது ஒரு வாட். ஆகவே மோட்டாரின் தண்டில் கிடைக்கும் திறனையும் பர்னர் தரும் வெப்பத்தையும் கிலோவாட்டில் எழுதலாம். இரண்டும் ஒரே எண்ணாக வந்தால், ஒரு நொடியில் இரண்டும் தருவது ஒரே அளவு ஆற்றல்.

எந்த எண்களை நினைவில் வைத்திருந்தால் போதும்?

நான்கு போதும். ஒரு எச்.பி. என்பது 746 வாட், இன்னும் துல்லியமாக 745.7 வாட். ஒரு கிலோவாட் என்பது மணிக்கு 860 கிலோகலோரி. அதே ஒரு கிலோவாட் மணிக்கு 3,412 பி.டி.யு. (ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு ஃபாரன்ஹீட் பாகை சூடாக்கும் வெப்பமே ஒரு பி.டி.யு.). குளிரூட்டலின் ஒரு டன் என்பது 3.517 கிலோவாட்.

மற்றவை இவற்றிலிருந்து தாமாகக் கிடைக்கும். ஒரு எச்.பி. மணிக்கு எத்தனை கிலோகலோரி என்றால் 0.7457-ஐ 860-ஆல் பெருக்க வேண்டும், 641 வரும். 3,412-ஆல் பெருக்கினால் மணிக்கு 2,544 பி.டி.யு. வரும். எதைக் கொடுத்தாலும் முதலில் கிலோவாட்டுக்குக் கொண்டுவந்து, பிறகு வேண்டிய அலகுக்குச் செல்வது என் பரிந்துரை. எச்.பி.யிலிருந்து நேராக டன்னுக்குத் தாவும்போது பெருக்க வேண்டுமா வகுக்க வேண்டுமா என்ற தடுமாற்றம் எளிதில் நேர்ந்துவிடுகிறது.

எச்.பி., பி.எஸ். இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. ஜேம்ஸ் வாட் நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு, அதாவது நொடிக்கு 550 அடி-பவுண்டு என்று வகுத்தது எச்.பி.; அது 745.7 வாட். ஐரோப்பியர்கள் மெட்ரிக் முறையில் 75 கிலோகிராம் எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் திறனைக் குதிரைத்திறனாக வைத்துக்கொண்டார்கள். பி.எஸ். என்ற எழுத்துகளால் குறிக்கப்படும் அது 735.5 வாட். பைக், கார் விளம்பரங்களில் இரண்டு எழுத்துகளையும் பார்க்கலாம். 100 பி.எஸ். என்று அச்சிட்ட எஞ்சின் 73.55 கிலோவாட் தரும், எச்.பி.யில் அது 98.6. வேறுபாடு 1.4 விழுக்காடுதான். வண்டி வாங்குபவருக்கு அது பொருட்டல்ல. இரண்டு எஞ்சின்களைச் சோதனை மேடையில் ஏற்றி ஒப்பிடுபவர் அதை விட்டுவிடக் கூடாது.

தமிழக மின்வாரியத்தில் தாழ்வழுத்த இணைப்புக்கு நெடுங்காலம் வரம்பாக இருந்த 112 கிலோவாட் என்ற எண்ணைப் பார்த்து, இது ஏன் 100 என்றோ 125 என்றோ இல்லை என்று பலர் கேட்கிறார்கள். 150 எச்.பி.யை 0.746-ஆல் பெருக்கிப் பாருங்கள், 111.9 வரும்.

ஏசியின் திறனை ஏன் டன்னில் சொல்கிறார்கள்? அது எந்த டன்?

அது பனிக்கட்டியின் டன். இயந்திரங்கள் வருவதற்கு முன் குளிர்ச்சி என்பது பனிக்கட்டியாகவே விற்கப்பட்டது. அந்த வணிகத்தின் நேரடிச் சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது. மெரினாவை ஒட்டி நிற்கும் விவேகானந்தர் இல்லம், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க ஃபிரெடரிக் டியூடரின் நிறுவனம் 1842-இல் கட்டிய கிடங்கு. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அந்தப் பகுதிக்கு இன்றும் நிலைத்திருக்கிறது. உள்ளூரிலேயே இயந்திரத்தால் பனிக்கட்டி செய்ய முடிந்த பிறகு கடல் கடந்த அந்த வணிகம் மறைந்தது. புதிதாக வந்த இயந்திரத்தின் ஆற்றலை வாடிக்கையாளருக்கு விளக்க, அது ஒரு நாளில் எத்தனை டன் பனிக்கட்டிக்கு ஈடான குளிர்ச்சியைத் தரும் என்று சொல்வது இயல்பாக இருந்தது.

கணக்கு இது. அமெரிக்க டன் 2,000 பவுண்டு. உறைநிலையில் உள்ள ஒரு பவுண்டு பனிக்கட்டி உருக 144 பி.டி.யு. வெப்பம் வேண்டும். மொத்தம் 2,88,000 பி.டி.யு.; அதை 24 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 12,000 பி.டி.யு. கிடைக்கும். கிலோகலோரியில் அது மணிக்கு 3,024, கிலோவாட்டில் 3.517. நமக்குப் பழக்கமான 1,000 கிலோ டன்னை வைத்துக் கணக்கிட்டால் மணிக்கு 3,333 கிலோகலோரி என்று வந்து, விடை பத்து விழுக்காடு கூடிவிடும். 3,024-இல் உள்ள டன் 907 கிலோ என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

கூலிங் டவர் விற்பவர்கள் சொல்லும் டன் இன்னும் ஒன்று. பெரிய கட்டடங்களைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர் உள்ளேயிருந்து எடுத்த வெப்பத்தோடு கம்ப்ரஸர் சேர்த்த வெப்பத்தையும் டவர் வெளியேற்ற வேண்டும் என்பதால், அங்கே ஒரு டன்னை மணிக்கு 15,000 பி.டி.யு., அதாவது 4.4 கிலோவாட் என்று கொள்ளும் வழக்கம் உண்டு. விலைப்புள்ளியில் எந்த டன் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

1.5 டன் ஏசி 5.27 கிலோவாட் என்றால், அது மீட்டரில் மணிக்கு 5.27 யூனிட் ஓட்டுமா?

ஓட்டாது. 1.5 டன் என்பது அறையிலிருந்து வெளியே எடுத்துச் செல்லப்படும் வெப்பத்தின் அளவு. ஏசி அந்த வெப்பத்தை உண்டாக்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை, இடம் மாற்றுகிறது. இடம் மாற்றுவதற்கு வேண்டிய மின்திறன் அதைவிடக் குறைவு. 5.27 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற 1.5 கிலோவாட் மின்சாரம் செலவானால், இரண்டுக்கும் உள்ள விகிதம் 3.5. இதைத்தான் சி.ஓ.பி. என்கிறோம். நட்சத்திர முத்திரையில் அச்சிடப்படும் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண்ணும் இதே வகை விகிதம்தான். ஒரே ஒரு வெப்பநிலையில் அளந்ததாக இல்லாமல், ஆண்டு முழுவதும் மாறும் வெளி வெப்பநிலைகளுக்கு ஏற்பக் கணக்கிட்டது.

அமெரிக்கக் குறிப்பேடுகளில் வரும் இ.இ.ஆர். மட்டும் கலப்பு அலகுகளைக் கொண்டது: மேலே மணிக்கு இத்தனை பி.டி.யு., கீழே வாட். அதை 3.412-ஆல் வகுத்தால் சி.ஓ.பி. கிடைக்கும். பெரிய கட்டடங்களின் சில்லர்களில் டன்னுக்கு இத்தனை கிலோவாட் என்று பேசுவார்கள். டன்னுக்கு 0.6 கிலோவாட் என்றால் 3.517-ஐ 0.6-ஆல் வகுக்க வேண்டும், சி.ஓ.பி. 5.86.

இந்த 5.27, 1.5 இரண்டையும் கூட்டினால் வரும் 6.77 கிலோவாட்தான் வெளியில் தொங்கும் அவுட்டோர் யூனிட் கக்கும் வெப்பம். அடுக்குமாடியின் குறுகிய சந்தில் பத்து அவுட்டோர் யூனிட்டுகளை எதிரெதிரே மாட்டுபவர்கள் இந்தக் கூட்டலை ஒரு முறையாவது செய்து பார்க்க வேண்டும்.

மலேசியாவில் இருக்கும் உறவினர் தம் வீட்டில் 1 எச்.பி. ஏசி என்கிறார். ஒரு டன் என்பது 4.7 எச்.பி. அல்லவா?

இரண்டும் சரி, ஆனால் இரண்டும் வேறு வேறு. 3.517 கிலோவாட்டை 0.7457-ஆல் வகுத்தால் 4.72 எச்.பி. வருவது உண்மை. மலேசியக் கடைகளில் சொல்லும் எச்.பி., கம்ப்ரஸரின் அளவை ஒட்டி எழுந்த வழக்குச் சொல். அங்கே 1 எச்.பி. என்றால் மணிக்கு ஏறத்தாழ 9,000 பி.டி.யு., அதாவது முக்கால் டன் குளிர்ச்சி என்று புரிந்துகொள்ள வேண்டும். மாற்று எண்ணைக் கொண்டு அதை டன்னாக்க முயன்றால் அபத்தமான விடைதான் கிடைக்கும்.

ஏசி அறைக்குள் 5 எச்.பி. மோட்டார் ஓடுகிறது. அதற்காக எவ்வளவு குளிரூட்டல் கூடுதலாக வேண்டும்?

இந்தக் கேள்விக்கு ஒரே விடை இல்லை என்பதால்தான் இது முக்கியமான கேள்வி. பெயர்ப்பலகையில் உள்ள 5 எச்.பி. என்பது மோட்டாரின் தண்டில் கிடைக்கும் திறன், 3.73 கிலோவாட். மோட்டாரின் பயனுறுதிறன் (இழுக்கும் மின்திறனில் தண்டுக்கு வந்து சேரும் பங்கு) 87 விழுக்காடு என்று கொண்டால், மின்கம்பியிலிருந்து அது இழுப்பது 4.29 கிலோவாட். இடையில் உள்ள 0.56 கிலோவாட் மோட்டாருக்குள்ளேயே வெப்பமாகிறது. இந்த மூன்று எண்களில் எது உங்கள் அறையின் சுமை என்பது, மோட்டார் எங்கே இருக்கிறது, அது ஓட்டும் இயந்திரம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மோட்டாரும் இயந்திரமும் அறைக்குள்ளேயே இருந்தால், இழுத்த 4.29 கிலோவாட்டும் கடைசியில் அறையின் வெப்பமாகும். வெட்டுதல், அரைத்தல், கலக்குதல், காற்றைச் சுழற்றுதல் என எந்த வேலையாக இருந்தாலும், ஏறக்குறைய முழு ஆற்றலும் உராய்வில் கரைந்து வெப்பமாகவே முடிகிறது. மணிக்கு 14,600 பி.டி.யு., அதாவது 1.2 டன். மோட்டார் சுவருக்கு வெளியே இருந்து, தண்டோ பெல்ட்டோ மட்டும் உள்ளே வந்தால் சுமை 3.73 கிலோவாட், 1.06 டன். மோட்டார் உள்ளே இருந்து, அது ஓட்டும் இயந்திரம் வெளியே இருந்தால், இழப்பான 0.56 கிலோவாட் மட்டுமே அறைக்கு வரும்; டன்னில் அது 0.16. ஒரே பெயர்ப்பலகைக்கு 0.16 முதல் 1.2 வரை விடை வருவதைப் பாருங்கள். 5-ஐ 2,544-ஆல் பெருக்கி 12,720 பி.டி.யு. என்று எழுதிவிட்டுப் போகும் கணக்கு, இந்த மூன்றில் ஒரு நிலைக்கு மட்டுமே பொருந்தும்.

இரண்டு விலக்குகளைச் சொல்ல வேண்டும். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப்பில், தண்டுத் திறனின் ஒரு பகுதி தண்ணீரின் உயரமாகச் சேமிக்கப்பட்டு வெளியே போய்விடுகிறது. அந்தப் பகுதி அறையைச் சூடாக்காது. அடுத்து, மோட்டார் எப்போதும் முழுச் சுமையில் ஓடும் என்று எண்ணக் கூடாது. நம் பட்டறைகளில் தேவைக்கு மேல் பெரிய மோட்டாரைப் பூட்டும் வழக்கம் பரவலாக உண்டு. பவர் அனலைசரை மாட்டி உண்மையில் இழுக்கும் கிலோவாட்டை அளந்துவிட்டால், எச்.பி.யைத் தொட வேண்டிய அவசியமே இல்லாமல் போகும். ஏப்ரல், மே மாத வெயிலில் ஏற்கெனவே திணறும் ஏசிக்கு ஒரு டன் கூடுவதும் குறைவதும் சிறிய விஷயமல்ல. அளந்து பார்ப்பதற்குச் செலவிடும் அரை மணி நேரம் வீணாகாது.

100 எச்.பி. டீசல் எஞ்சினுக்கு மணிக்கு எவ்வளவு வெப்பம் தேவை? 641-ஆல் பெருக்கினால் போதுமா?

போதாது. 641-ஆல் பெருக்கினால் கிடைக்கும் 64,100 கிலோகலோரி, தண்டில் வெளிவரும் வேலைக்குச் சமமான வெப்பம். எஞ்சினுக்குள் போக வேண்டிய வெப்பம் அதைவிட மிக அதிகம். வேலை முழுவதையும் வெப்பமாக்கலாம். தொடர்ந்து சுழலும் எந்த எஞ்சினும் வெப்பம் முழுவதையும் வேலையாக்க முடியாது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி இதைத் தடுக்கிறது. வடிவமைப்பாளரின் திறமையால் தாண்டக்கூடிய தடை அல்ல அது. அலகை மாற்றும் எண் இரு திசைக்கும் ஒன்றே. ஆற்றலை மாற்றும் வழி இரு திசைக்கும் ஒன்றல்ல.

எஞ்சினின் பயனுறுதிறன் 35 விழுக்காடு என்று கொள்வோம். தண்டில் 74.6 கிலோவாட் வர, எரிபொருளில் 213 கிலோவாட் வேண்டும். மணிக்கு 1,83,000 கிலோகலோரி. ஒரு கிலோ டீசல் ஏறத்தாழ 10,200 கிலோகலோரி தரும் என்பதால், மணிக்கு 18 கிலோ, லிட்டரில் 21-க்கும் 22-க்கும் இடையே செலவாகும். எஞ்சியது ரேடியேட்டரிலும் புகைக்குழாயிலும் வெளியேறுகிறது. ஜெனரேட்டர் அறைக்குக் காற்றோட்டம் திட்டமிடும்போது இந்த எஞ்சிய 138 கிலோவாட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

மின்நிலையங்களில் வெப்ப மெகாவாட், மின் மெகாவாட் என்று பிரித்துச் சொல்வது இதனால்தானா?

ஆம். சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் உள்ள முன்மாதிரி அதிவேக ஈனுலை என்ற அணுவுலையின் வடிவமைப்பில் உலையின் வெப்பத் திறன் 1,250 மெகாவாட். மின் திறன் 500 மெகாவாட். அலகு ஒன்றே என்றாலும் பெயருக்கு முன் அடைமொழி சேர்க்காவிட்டால் படிப்பவர் குழம்பிப்போவார். இங்கே பயனுறுதிறன் 40 விழுக்காடு.

நிலக்கரி நிலையங்களில் இதையே வேறு விதமாகச் சொல்கிறார்கள். ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க எத்தனை கிலோகலோரி எரிக்கப்பட்டது என்பது வெப்ப வீதம். முழு மாற்றம் சாத்தியமாக இருந்தால் 860 கிலோகலோரி போதும். ஒரு நிலையம் 2,500 கிலோகலோரி எரித்தால் 860-ஐ 2,500-ஆல் வகுத்து 34.4 விழுக்காடு என்று அறியலாம்.

2 டன் பாய்லர் என்றால் 7 கிலோவாட்டா?

இல்லை. பாய்லரின் டன், மணிக்கு எத்தனை டன் நீராவி என்பதைக் குறிக்கிறது. அது 1,000 கிலோ டன். 100 பாகை செல்சியஸ் தண்ணீரை அதே வெப்பநிலையில் நீராவியாக்க, கிலோவுக்கு ஏறத்தாழ 540 கிலோகலோரி வேண்டும். ஆகவே பாய்லரின் ஒரு டன் மணிக்கு 5.4 லட்சம் கிலோகலோரி, சுமார் 627 கிலோவாட். ஏசியின் ஒரு டன்னைவிட அது 178 மடங்கு பெரியது. 2 டன் பாய்லர் 1,254 கிலோவாட் வெப்பம் தரும்; பர்னரில் எரிவது பாய்லரின் இழப்பையும் சேர்த்து இதைவிடக் கூடுதல்.

பழைய அமெரிக்க இயந்திரங்களின் தகட்டில் பாய்லர் எச்.பி. என்ற ஒன்றும் இருக்கும். மணிக்கு 34.5 பவுண்டு நீராவி என்பது அதன் வரையறை, 9.81 கிலோவாட். மோட்டார் எச்.பி.யைப் போல 13 மடங்குக்கும் மேல். 100 பாய்லர் எச்.பி.யை 74.6 கிலோவாட் என்று எழுதினால் பாய்லர் முற்றிலும் தவறான அளவில் வந்து இறங்கும்.

கடைக்காரர் "18,000 பி.டி.யு." என்கிறார். "மணிக்கு" என்று சேர்க்க வேண்டாமா?

சேர்க்க வேண்டும். பி.டி.யு. ஆற்றலின் அலகு, மணிக்கு இத்தனை பி.டி.யு. என்பதே திறன். கிலோவாட்டுக்கும் யூனிட்டுக்கும் உள்ள உறவும் இதுவே. கடையில் சுருக்கிச் சொல்வதைப் புரிந்துகொள்ளலாம். எழுத்தில் விடக் கூடாது.

2 கிலோவாட் கெய்சர் 15 லிட்டர் தண்ணீரைச் சூடாக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?

2 கிலோவாட் என்பது மணிக்கு 1,720 கிலோகலோரி. மாடித் தொட்டியிலிருந்து 28 பாகையில் வரும் தண்ணீரை 50 பாகைக்கு ஏற்ற, 15-ஐ 22-ஆல் பெருக்கி 330 கிலோகலோரி வேண்டும். வகுத்தால் ஏறத்தாழ பதினொன்றரை நிமிடம். உள்தொட்டியும் சூடாக வேண்டியிருப்பதால் நடைமுறையில் சற்றுக் கூடும்.

எத்தனை தசம இலக்கங்கள் வரை எழுத வேண்டும்?

கலோரியிலேயே இரண்டு வரையறைகள் உண்டு: ஒன்று 4.184 ஜூல், மற்றொன்று 4.1868 ஜூல். பொறியியல் அட்டவணைகளில் வரும் 859.845 என்ற எண் இரண்டாவதை ஒட்டியது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. 3.517-க்குப் பதில் 3.5 என்று எழுதினால் அரை விழுக்காடு குறையும். களத்தில் தண்ணீரின் ஓட்டத்தையும் வெப்பநிலை வேறுபாட்டையும் அளந்து சில்லரின் டன்னைக் கணக்கிடும்போது, கருவிகளின் பிழையே இதைவிடப் பெரிதாக இருக்கும்; அங்கே மூன்று இலக்கங்கள் தாராளம். உத்தரவாதச் சோதனையில் மட்டும் நிலைமை வேறு. வாங்குபவரும் விற்பவரும் வெவ்வேறு மாற்று எண்களை எடுத்துக்கொண்டால், அந்த அரை விழுக்காடே அபராதமாக மாறக்கூடும். அதனால் சோதனைக்கு முன்பே ஒப்பந்தத்தில் 3.517, 860, 0.7457 என்று எண்களையே எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுவது நல்லது.